டேப்பு சுற்றியும் ஏன் ஒழுகியது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அது சரியில்லையென்றால் பெரிய இயந்திரமும் நின்றுவிடும். ஓடுகிற வண்டி நிற்க மறுத்தும் விடும். ஒருவன் கோணல்மாணலாக ஏதாவது செய்தால், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று சொல்லிச் சிரிக்கிறோம் அல்லவா? அந்த மரையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். போல்ட்டிலும் நட்டிலும் குழாய் முனையிலும் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டிருக்கிற மரை.

வானொலியில் பேச இது ஒரு பொருளா என்று தாய்மார்கள் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பின்புறம் போய்ப் பாருங்கள். மகனோ மருமகனோ கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். எண்ணெயைக் குளிரவைக்கும் சாதனம், புதிய பிரேக் குழாய், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர், கார் வைத்திருப்பவனானால் டர்போ என்று ஏதாவது ஒரு 'கிட்' அதில் இருக்கும். நம் ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை புதிதன்று. பாசிர் கூடாங்கில் 1986-ல் பந்தயத் திடல் திறக்கப்பட்டு, 1998-ல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கு நடந்தது. அந்தத் திடல் இன்று இல்லை; ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. கையால் வேலை செய்யத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒரு சொத்து. அவன் கை தவறாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

நான் குளுவாங் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் மாலை நேரத்தில் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. பழைய ஜப்பானியக் கார் ஒன்று வாங்கியிருந்தான். அதற்கு எண்ணெய் அழுத்த மீட்டர் ஒன்றைத் தானே பொருத்தினான். இயந்திரத்தில் முன்பு இருந்த சிறு சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் பெட்டியில் வந்த புதிய சென்சாரை முடுக்கினான். இரண்டு மூன்று சுற்று உள்ளே போய் இறுகிவிட்டது. ஒழுகக்கூடாதே என்று கழற்றி, வெள்ளை டேப்பை ஆறேழு சுற்றுச் சுற்றி, ஸ்பேனரை வைத்து அழுத்தித் திருகினான். அன்று ஒழுகவில்லை. அடுத்த வாரம் அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் வழியில், "ஏதோ கருகுகிற வாசம் வருகிறதேப்பா" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னார். வண்டியை நிறுத்தி முன்மூடியைத் தூக்கினான். குப்பென்று புகை. சென்சாரின் ஓரமாகப் பீறிட்ட எண்ணெய் சூடான புகைக்குழாயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தீப்பிடிக்காமல் விட்டது அவர்கள் நல்ல காலம். ஆனால் எண்ணெய் வற்றி இயந்திரம் தட்ட ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் வடிகட்டியைத் தாங்கும் அலுமினியக் கூட்டில் மயிரிழை விரிசல். தங்கையின் மேற்படிப்புக்கென்று அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்திருந்த பணம் அந்த இயந்திரத்துக்குப் போயிற்று.

அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, நீங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி டேப்பு நன்றாகத்தானே சுற்றினேன். பிறகு ஏன் ஒழுகியது?"

நேயர்களே, அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற கைவேலைப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய்க்கு டேப்பு சுற்றும் முறையைக் காட்டியிருக்கிறேன். ஆனால் டேப்பு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று நான் சொன்னதே இல்லை. பாதிப் பாடம் சொன்ன குறை என்னுடையது. மீதிப் பாதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் மரை என்றால் என்ன? பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் பட்டையில் கோடு நேராகவா இறங்குகிறது? சாய்வாக, மரத்தைச் சுற்றினாற்போல இறங்குகிறது. பால் அந்தப் பள்ளத்தின் வழியே வழிந்து மங்குக்கு வந்து சேருகிறது. அந்தச் சாய்வுக் கோட்டை நிறுத்தாமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி அடி வரைக்கும் இறக்கிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அதுதான் மரை. போல்ட்டின் உடம்பில் இருப்பது வெளிமரை. நட்டுக்குள் இருப்பது உள்மரை.

இந்த உவமையை மறந்துவிடாதீர்கள். பால் கோட்டின் வழியே வழிவதுபோல, எண்ணெயும் மரைப் பள்ளத்தின் வழியே சுற்றிச் சுற்றி வெளியே வந்துவிடும். வெளிமரை உள்மரைக்குள் சுழல வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் நூலிழை இடைவெளி இருந்தாக வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய்க்கு நல்ல பாதை. ஆகவே இறுகப் பிடிப்பது ஒரு வேலை, ஒழுகாமல் அடைப்பது இன்னொரு வேலை. பிடிப்பது எப்போதும் மரையின் வேலைதான். அடைப்பது எது என்பது இடத்துக்கு இடம் மாறும். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், "இங்கே அடைப்பது எது?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை நேர் மரை. அடி முதல் நுனி வரை ஒரே பருமன். சாதாரண போல்ட்டு, நட்டு எல்லாம் இந்த வகை. இரண்டாவது சரிவு மரை. நுனியில் மெலிந்தும் போகப்போகப் பருத்தும் இருக்கும். குழாய்களுக்கு வெட்டும் சரிவு மரையில் 16 பங்கு நீளத்துக்கு 1 பங்கு பருமன் கூடும். அதாவது 16 மில்லிமீட்டர் நீளம் போனால் பருமன் 1 மில்லிமீட்டர் ஏறும். மண்வெட்டிக் காம்பின் இடுக்கில் ஆப்பு அடிக்கிறோமே, அதுபோல இது உள்ளே போகப்போக நெருக்கி இறுகும். மரையே அடைப்பது இந்த வகையில்தான். அப்போதும் மரையின் உச்சியிலும் பள்ளத்திலும் மெல்லிய இடைவெளி மிஞ்சும். அதை நிரப்பத்தான் வெள்ளை டேப்போ பசையோ வேண்டியிருக்கிறது. டேப்பு இடைவெளியை நிரப்பும். மரை வழுக்கிக்கொண்டு உள்ளே போக உதவும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. பொருந்தாத மரையை டேப்பு பொருந்த வைக்காது.

நேர் மரையில் அடைப்பு வேறு இடத்தில் இருக்கும். போல்ட்டின் தலைக்கு அடியில் செம்பு வாஷரோ அலுமினிய வாஷரோ இருக்கும். அல்லது ரப்பர் வளையம் இருக்கும். அல்லது கூம்பு முனை ஒன்று கூம்புக் குழிக்குள் போய் உட்காரும். அங்கே மரைக்கு டேப்பு சுற்றினால் பயன் ஒன்றும் இல்லை. கப்சாய் இயந்திரத்தின் அடியில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டைப் பாருங்கள். அது நேர் மரை. அடைப்பது வாஷர். அது கசிந்தால் டேப்பைத் தேடாதீர்கள். வாஷரை மாற்றுங்கள், அது உட்காரும் முகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். டேப்பு சுற்றி ஓங்கித் திருகினால் அலுமினியத்தில் உள்ள மரை உரிந்துபோகும்.

சரி, என் மாணவனின் காருக்கு வருவோம். அவன் கழற்றிய சென்சாரும் சரிவு மரை. மாட்டியதும் சரிவு மரை. இரண்டின் பெயரும் 'எட்டில் ஒரு பங்கு அங்குலம்' என்பதே. பிறகு எங்கே தவறு நடந்தது?

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பம்போல் மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஊர் நட்டு இன்னோர் ஊர் போல்ட்டுக்குச் சேராது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, 1841-ல் ஒரே அளவுமுறையை முன்வைத்தார். மரைப் பல்லின் கோணம் 55 பாகை. 1864-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ், வெட்ட எளிதாக இருக்கும் என்று 60 பாகையை முன்வைத்தார். பிரிட்டிஷ் குழாய் மரை 55 பாகையில் நின்றது. அமெரிக்கக் குழாய் மரை 60 பாகைக்குப் போயிற்று. நம் நாட்டில் வெள்ளைக்காரர் காலம் தொட்டுத் தண்ணீர்க் குழாய்களுக்குப் பிரிட்டிஷ் மரைதான். ஜப்பானும் குழாய் மரைக்குப் பிரிட்டிஷ் முறையையே எடுத்துக்கொண்டது. ஆகையால் பல ஜப்பானிய இயந்திரங்களில் எண்ணெய் சென்சார் துளை பிரிட்டிஷ் சரிவு மரையாக இருக்கும். பெட்டியில் வருகிற மீட்டர் சென்சாரோ பெரும்பாலும் அமெரிக்கச் சரிவு மரை.

அளவுகளைக் கேளுங்கள். பிரிட்டிஷ் எட்டில் ஒரு பங்கு அங்குல மரையின் பருமன் 9.73 மில்லிமீட்டர், ஓர் அங்குல நீளத்தில் 28 மரை. அமெரிக்க மரையின் பருமன் ஏறத்தாழ 10.3 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்தில் 27 மரை. இவற்றோடு மெட்ரிக் முறையில் 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றும் உண்டு. அதில் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. மூன்றையும் மேசைமேல் வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாத மூன்று பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றின் துளையில் மற்றொன்று இரண்டு மூன்று சுற்று நுழையும். நுழைகிறதே என்று நம்பி முடுக்கினால் இறுகும். அந்த இறுக்கம் பொருந்தியதன் அறிகுறியன்று. மரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டதன் அறிகுறி. அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால், ஆப்பு விறகைப் பிளப்பதுபோலக் கூட்டைப் பிளந்துவிடும். என் மாணவனுக்கு நடந்தது இதுதான். டேப்பு ஒரு வாரம் தாங்கியது; பிறகு சூடும் அதிர்வும் அதைத் தோற்கடித்துவிட்டன.

பெரிய குழாய்களில் ஏமாற்றம் இன்னும் அதிகம். அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டிலும் பிரிட்டிஷ் முறைக்கும் அமெரிக்க முறைக்கும் ஓர் அங்குலத்தில் 14 மரைதான். ஆகவே ஒன்று மற்றொன்றுக்குள் சுகமாகப் போகும். ஆனால் பல்லின் கோணம் வேறு. ஆகவே சுற்றிலும் ஒரு பாதை திறந்தே கிடக்கும். பால் கோட்டில் பால் வழிவதுபோல ஒழுகும்.

மரை பொருந்தாமல் போனால் எவ்வளவு பெரிய நட்டம் வரும் என்பதற்கு உலகம் கண்ட சாட்சி ஒன்று உண்டு. 1904 பிப்ரவரி 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தீப்பிடித்தது. வாஷிங்டன் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி உதவிக்கு வந்தன. வந்த வண்டிகள் பலவற்றின் குழாய் முனை பால்டிமோர் தெருக்குழாயின் மரையோடு சேரவில்லை. தண்ணீர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, குழாய் இருக்கிறது. மரை மட்டும் சேரவில்லை. ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்து, 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீயணைப்புக் குழாய் முனைகளுக்குப் பொதுவான அளவு வேண்டும் என்ற பேச்சு அந்த நாட்டில் அதன் பிறகு வலுத்தது.

அப்படியானால் சரியான மரையை எப்படி அறிவது? வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகளைச் சொல்கிறேன்.

முதல் சோதனை, கை விரல். பொருத்தமான மரை விரலாலேயே பல சுற்று ஓட வேண்டும். நேர் மரை அநேகமாக முடிவு வரை விரலால் போகும். சரிவு மரை நாலைந்து சுற்று போய் மெதுவாக இறுகும். இரண்டே சுற்றில் சடக்கென்று நின்றால் நிறுத்துங்கள். கழற்றிப் பாருங்கள். பழைய பாகம் அந்தத் துளையில் எத்தனை சுற்று விரலால் போகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை, வெளிச்சம். கழற்றிய பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் மரையோடு மரை சேர்த்துப் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லுக்குப் பல் உட்கார்ந்தால் வெளிச்சம் தெரியாது. போகப்போகப் பல் விலகினால் அவை வேறு வேறு மரை. 28-க்கும் 27-க்கும் வித்தியாசம் சிறியது; சென்சாரின் மரை நீளமோ ஒரு விரல் நகம் அளவு. ஆகவே இந்தச் சோதனையில் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, கருவி. மரை எண்ணுவதற்கென்று சீப்பு மாதிரிப் பல் வெட்டிய தகடுகளின் கட்டு ஒன்று கடையில் கிடைக்கும். விலை அதிகமில்லை. இதையும், உள்விட்டம் வெளிவிட்டம் அளக்கும் நழுவு அளவுகோல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுதும் உதவும். நூறு வெள்ளிக்குக் கிட் வாங்குகிற பிள்ளை, அளக்கிற கருவிக்கும் கொஞ்சம் செலவு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. குழாயின் பெயரை நம்பி அளக்காதீர்கள். 'அரை அங்குலக் குழாய்' என்கிறோம். அதன் மரையின் வெளிப்பருமனை அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்தானே? அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வைத்த பெயர் அது. குழாய் மாறியும் பெயர் மாறவில்லை.

துளை ஒன்று, சென்சார் வேறு என்று தெரிந்தால் என்ன செய்வது? இடைத்துண்டு வாங்க வேண்டும். வெளியே பிரிட்டிஷ் மரை, உள்ளே அமெரிக்க மரை வெட்டிய பித்தளைத் துண்டு கடைகளில் கிடைக்கிறது. துளையை வேறு மரைக்கு வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இசையாதீர்கள். வெட்டிய தூள் எண்ணெய் வழியில் விழுந்தால் இயந்திரத்துக்குள் போய்விடும். கனமான சென்சாரை நீண்ட பித்தளைத் துண்டின் நுனியில் தொங்கவிடவும் கூடாது. இயந்திரம் அதிரும்போது பித்தளை ஒரு நாள் ஒடியும். அழுத்தம் தாங்கும் சிறு குழாயை இழுத்து, சென்சாரை அசையாத இடத்தில் பிடித்துவைப்பதே பாதுகாப்பு.

இனி அடைக்கும் பொருளைப் பற்றி. வெள்ளை டேப்பு சரிவு மரைக்கு மட்டுமே. மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போதே அவிழ்ந்து வெளியே வந்துவிடும். நுனியில் முதல் ஒன்றிரண்டு மரையை வெறுமனே விட்டுவிடுங்கள். ஏனென்றால், நுனியைத் தாண்டித் தொங்கும் துணுக்கு எண்ணெயோடு உள்ளே போகும். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் வழி மிகக் குறுகியது. அதில் ஒரு துணுக்கு மாட்டினால் டர்போ எண்ணெயின்றிச் சாகும். இரண்டு மூன்று சுற்றுப் போதும். தடித்துச் சுற்றினால் நல்லது என்பது தவறான எண்ணம்.

இந்த டேப்பு செய்யப்படும் பொருளை 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கட் என்ற வேதியியலார் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒட்டாத வாணலியில் பூசுகிறார்களே, அதே டெப்லான். 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதற்கு மேல் கெட்டு நச்சுப்புகை விடும். ஆகவே புகைக்குழாய்ப் பக்கத்து மரைகளுக்கு அதைச் சுற்றவே கூடாது. இன்னொன்று. ஒற்றைக் கம்பி வருகிற சென்சார் இயந்திரத்தின் உடம்பையே மின்சாரத்தின் திரும்பும் வழியாகக் கொள்கிறது. டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் மின்வழி அறுந்து மீட்டர் பொய் சொல்லும். இத்தகைய இடங்களில் இயந்திர மரைகளுக்கென்று விற்கிற திரவப் பசையை மெல்லப் பூசுவது நல்லது.

கூம்பு முனை இணைப்புகள் இன்னொரு வகை. கிட்டுகளில் நிறம் பூசிய அலுமினிய முனைகள் வருகின்றன. இவை அமெரிக்கப் படைகளுக்காக உருவான முறை. 37 பாகைச் சரிவில் கூம்பும் குழியும் முகத்தோடு முகம் பொருந்தி அடைக்கும். இவற்றின் எண் ஓர் அங்குலத்தைப் 16 பங்காக்கிச் சொல்வது. 6 என்றால் 16-ல் 6 பங்கு, அதாவது எட்டில் மூன்று அங்குலக் குழாய். மரையில் டேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். கூம்பில் கீறல் இல்லாமல் சுத்தமாக இருந்தால் போதும். பார்வைக்கு இதே போன்ற 45 பாகைக் கூம்பும் உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்; ஒழுகாமல் இராது.

ரப்பர் வளையம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து சீவிச் சேர்த்த பாலில் செய்த இயற்கை ரப்பர் பல வேலைக்கு உயர்ந்தது. ஆனால் இயந்திர எண்ணெயில் அது உப்பிக் கெட்டுவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வேண்டும். பிரேக் திரவத்துக்கோ அதுவும் ஆகாது. வேறு வகை வேண்டும். ஆகவே கையில் கிடைத்த வளையத்தைப் போடாதீர்கள். பிரேக் திரவக் கிண்ணத்தில் இயந்திர எண்ணெய் ஒரு துளிகூட ஊற்றாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர்கள் உப்பிப் பிரேக் போய்விடும்.

பிரேக் என்றதும் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் ஒழுகினால் இயந்திரம் போகும். பிரேக் ஒழுகினால் உயிர் போகும். பிரேக் இணைப்பில் டேப்போ பசையோ எங்கும் கூடாது. பிரேக் குழாயைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்டு நேர் மரை. இருபுறமும் வருகிற செம்பு வாஷர்தான் அடைக்கிறது. குழாயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷர் புதிதாக இருக்க வேண்டும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் இந்தப் போல்ட்டு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் பருமன், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். சில இத்தாலியப் பிரேக்குகளில் அதே 10 மில்லிமீட்டர் பருமன், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். பருமன் ஒன்றுதானே என்று மாற்றி முடுக்கினால் பிடித்ததுபோல் இருக்கும். ஒரு நாள் சந்தியில் கைப்பிடியை இறுக்கும்போது மரை உரிந்து கையோடு வரும். பொருத்தி முடித்ததும் பிரேக் பிடியை முழு பலத்தோடு அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிடி மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்த வண்டி வாசலைத் தாண்டக்கூடாது.

இறுக்கும் அளவைப் பற்றியும் கேளுங்கள். 'எவ்வளவு இறுக்கினால் அவ்வளவு நல்லது' என்பது நம்மிடையே உள்ள பொல்லாத நம்பிக்கை. சிறிய சரிவு மரையை விரலால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்றுக்குள் நிறுத்திவிட வேண்டும். அலுமினியமானால் இன்னும் கவனம் வேண்டும். இறுக்கிய பிறகு கோணம் சரியில்லை என்று பின்னால் திருப்பாதீர்கள், அடைப்பு உடைந்துவிடும். முழுதும் கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகச் சுற்றி மாட்டுங்கள். பிறகு வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, இயந்திரத்தை ஓடவிட்டு, சூடானதும் வெள்ளைத் துணியால் இணைப்பைத் துடைத்துப் பாருங்கள். அணைத்து ஆறியபின் இன்னொரு முறை பாருங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு சிறு ஓட்டம் போய்வந்து மூன்றாம் முறையும் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வண்டியைப் பிரித்தால், "உனக்கு இது எதற்கு?" என்று மட்டும் அதட்டாதீர்கள். பக்கத்தில் போய் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். "இந்த மரையும் அந்த மரையும் ஒன்றா? அளந்தாயா? இங்கே அடைப்பது எது?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவன் செய்யட்டும். தெரியாதவன் தெரிந்த பட்டறைக்காரரிடம் போகட்டும். அதில் அவமானம் இல்லை. வண்டியில் பெரிய மாற்றம் செய்வதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் அவனுக்கு நினைவூட்டுங்கள்.

அந்த மாணவனின் கதையை முடித்துவிடுகிறேன். போன பணம் போனதுதான். தங்கை ஓராண்டு தாமதமாகப் படிக்கப் போனாள். அந்த ஓராண்டை யாராலும் திருப்பித்தர முடியாது. அவன் மட்டும் அந்த உடைந்த சென்சாரைத் தூக்கி எறியவில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் அதை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தான். கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய போல்ட்டுகள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அவற்றை மரைக்கு மரை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பிள்ளைகள் தாங்கள் ஒன்றென்று நினைத்த இரு போல்ட்டுகள் வேறு வேறு என்று கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தார்கள். அவன் என்னைப் பார்த்து, "எனக்கும் இப்படிச் சொல்லியிருக்கலாம் ஐயா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. அதனால்தான் இன்று உங்களிடம் இவ்வளவு பேசினேன்.

இன்று மாலை உங்கள் வீட்டில் யாராவது ஸ்பேனரை எடுத்தால், முதலில் விரலால் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.